எல்லார் வீட்டு அப்பாவும் வந்தார்

இன்ஷிராஹ் ஐந்தாம் வகுப்பு படிப்பது இது மூன்றாவது முறை. மூத்தவன் ஹாத்திமோடு ஒருமுறை படித்துத் தேறினாள். நடுவில் பிறந்த ஷுரூக்கோடு மறுமுறை. இப்போது கடைக்குட்டி லுஜைனோடு. சின்ன வயதில் தனக்கென்று ஒருமுறை படித்ததை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த முறை மதிப்பெண் அவ்வளவு சரியில்லை.

எகிப்தின் தமன்ஹூர் ஊரில் அவளைப் பற்றி விசாரித்தால், "வேலைக்கெல்லாம் போகலை, சும்மா வீட்லதான் இருக்காங்க" என்பார்கள். வீட்டில் இருந்தது உண்மை. மற்றது அபாண்டம். பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, சாப்பிட்டு, கழுவிய கையின் ஈரம் காய்வதற்குள் அவளுடைய அலுவலகம் திறந்துவிடும். அலுவலகம் என்பது சாப்பாட்டு மேசை. கல்யாணத்துக்கு வந்த சாமான். சிங்கக்கால் போட்ட மேசை, முதுகு உயர்ந்த நாற்காலிகள், சுவரோரம் கண்ணாடி அலமாரி. அந்த மேசையில் இதுவரை யாரும் சாப்பிட்டதில்லை. சாப்பாடு தொலைக்காட்சிக்கு முன்னால், தாம்பாளத்தில். மேசை படிப்புக்கு. அந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதுதான் ஏற்பாடு. புதுப்பெண்ணுக்கு மேசை பார்க்கப் போகிறவர்களே, "வெளிச்சம் நல்லா விழுமா?" என்றுதான் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார்கள்.

பிள்ளை ஒரு நாற்காலியில். முழங்கை இடிக்கிற தூரத்தில் தாய். பென்சில் சீவுவது தாய். கோடு போடுவது தாய். கேள்வியை உரக்கப் படிப்பது, விடைக்கு ஒரு குறிப்புக் கொடுப்பது, அந்தக் குறிப்புக்கு இன்னொரு குறிப்புக் கொடுப்பது, கடைசியில் "சரி, எழுது" என்று விடையையே சொல்லிவிடுவது, எல்லாம் தாய். குறித்த நேரத்தில் உட்காருவது, கவனம் சிதறாமல் இருப்பது, முடித்ததை மறுபடி சரிபார்ப்பது என்று வீட்டுப்பாடத்துக்கு என்னென்ன நல்ல பழக்கங்கள் வேண்டுமோ அத்தனையும் அந்த வீட்டில் ஆழமாக வேரூன்றியிருந்தன. ஆளில்தான் சிறு மாற்றம்.

இப்படித்தான் ஹாத்திம் அலெக்சாந்திரியாவில் பொறியியலுக்குப் போனான். போன முதல் மாதமே அழைத்தான். "அம்மா, இங்க பக்கத்துல உக்கார யாருமில்ல, எனக்கு எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல." அதை அவள் பெருமையாகத்தான் எல்லாரிடமும் சொன்னாள். ஷுரூக் கல்யாணமாகித் தந்தா நகரத்தில் இருக்கிறாள். அவளுக்கு இன்னும் சந்தையில் என்ன வாங்குவது என்று முடிவெடுக்க அம்மா வேண்டும். ஆக மிச்சம் லுஜைன் ஒருத்தி.

கணவர் வஜீஹ் குவைத்தில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். வருடா வருடம் கோடையில் வருவார். போன கோடையில் விடுப்புக் கிடைக்கவில்லை. வசந்தத்தில் வருகிறேன் என்றார். அதுவும் தட்டிப்போயிற்று. ஆனால் மாலைத் தொழுகை முடிந்ததும் அழைப்பு மட்டும் தவறாது.

"என்ன ஹாத்திம் அம்மா, இன்னிக்கு என்ன எடுத்தோம்?"

"அறிவியல்ல இருபதுக்கு இருபது எடுத்தோம். அரபில ஒண்ணு போச்சு."

"எப்படிப் போச்சு?"

எப்படிப் போயிற்று என்பது கால் மணி நேரம் ஓடும். யார் கவனக்குறைவு, எந்தக் கேள்வி, மிஸ் வேண்டுமென்றே குறைத்தாளா. ஹாத்திமின் இறுதித் தேர்வு வருடத்தில் அவர்கள் இருவரும் பேசிய அளவுக்குக் காதலர்கள்கூடப் பேசியிருக்க மாட்டார்கள். கல்யாணமான புதிதில் வேறு ஏதோவும் பேசியிருக்கிறார்கள். என்ன என்றுதான் இருவருக்கும் நினைவில்லை.

இதற்கு மேல் கைப்பேசியில் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. 'ஐந்தாம் வகுப்பு அம்மாக்கள்' என்று ஒரு வாட்ஸாப் குழு. அந்தக் குழுவில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. யாசீன் அம்மா, ஆதம் அம்மா, லுஜைன் அம்மா. மதியம் சாய்ந்தால் குழு விழித்துக்கொள்ளும். பக்கம் எத்தனை, கேள்வி எத்தனை, நாளைக்கு நமக்குப் பரீட்சையா, நமக்கு இன்னும் பெருக்கல் வரலையே. அந்த ராஜ்ஜியத்தின் ராணி இன்ஷிராஹ். அவள் முடித்த பாடத்தைப் படமெடுத்துப் போடுவாள். அடுத்த நொடி ரோஜாப்பூவும் முத்தமும் கொட்டும். அரை மணியில் வகுப்பு முழுவதும் வீட்டுப்பாடம் முடிந்து, தெருவில் பந்து உருளத் தொடங்கும்.

ஷம்முன் நஸீம் பண்டிகை கழிந்த மறுநாள் அந்தக் கட்டுரை வந்தது. தலைப்பு: 'வசந்தத் திருநாளில் எங்கள் வீடு.' மிஸ் ஜைலான் புதிதாக வந்தவள். குழுவில் குரல் செய்திகள் பறந்தன.

"உப்பு மீன் தின்ன வயிறு இன்னும் அடங்கல, அதுக்குள்ள கட்டுரையா? இந்த மிஸ்ஸுக்குக் கல்யாணம் ஆகலையா?"

"ஆகலையாம்."

"அதான் பார்த்தேன்."

"லுஜைன் அம்மா, என் ராசாத்தி, உன் கையைக் குடு முத்தம் குடுக்கிறேன்." இது யாசீன் அம்மா. பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே தஆமிய்யா வடை போடுகிறாரே, அவருடைய மனைவி. "எழுதிட்டியா? இங்க எங்காளு தரையில படுத்து உருள்றான். எழுத ஒண்ணுமே இல்லையாம். அன்னிக்கு முழுக்க எங்கண்ணன் வீட்டு ஆட்டைத் துரத்திட்டிருந்தான், அதை எழுதுடான்னா, ஆடு கட்டுரைக்கு வராதுங்கிறான்."

இன்ஷிராஹ் எழுத உட்கார்ந்தாள். அந்தத் திருநாள் அவள் வீட்டில் எப்படிப் போயிற்று என்று பார்த்தால், எழுதுவதற்கு ஆடுகூட இல்லை. ஹாத்திம் கூட்டாளிகளோடு கடற்கரைக்குப் போய்விட்டான். ஷுரூக் மாமியார் வீட்டில். தாயும் மகளும் மீனைச் சாப்பிட்டார்கள், பச்சை வெங்காயம் கடித்தார்கள், பால்கனியில் நின்று ஊரே தோட்டத்துக்குப் போவதைப் பார்த்தார்கள். இதையா எழுதுவது?

அவள் எழுதினாள்: அன்று விடியற்காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. யாரென்று பார்த்தால் குவைத்திலிருந்து அப்பா. கையில் சிவப்புப் பெட்டி. பெட்டியைத் திறந்ததும் வீடெல்லாம் ஏலக்காயும் புதுச் சோப்பும் மணந்தன. அப்பாவே உட்கார்ந்து முட்டைகளுக்கு வர்ணம் பூசினார். பிறகு எல்லாரும் வாய்க்கால் கரைத் தோட்டத்துக்குப் போனோம். கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாது என்று அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசி வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிள்ளைக் கட்டுரைக்கு அது அதிகமோ என்று தோன்றியது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"எழுது கண்ணு. 'அன்று விடியற்காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது.'"

லுஜைன் பென்சிலை எடுக்கவில்லை. "யாரு தட்டினா?"

"அப்பா."

"அப்பா வரலையே."

"கட்டுரைல வர்றாரு."

"அவர் எதுக்குத் தட்டணும்? அவர்கிட்ட சாவி இருக்கே."

"அடியே, கட்டுரைன்னா அப்படித்தான். சொன்னதை எழுது."

"நான் நானா எழுதிக்கிறேன்."

"நீயாவா?" இன்ஷிராஹ் சிரித்தாள். "நீயான்னா எப்படி? உனக்கு முதல் வரி தெரியுமா?"

"நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போ."

இன்ஷிராஹ் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். "இன்னும்," என்றாள் மகள். இன்னொன்று தள்ளினாள். லுஜைன் இடது கையை வளைத்து நோட்டைச் சுற்றி மதில்போல வைத்துக்கொண்டாள். பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சுக்காரி எட்டிப் பார்க்காமலிருக்க வைத்துக்கொள்வார்களே, அந்த மாதிரி. நாற்காலிகள் தீர்ந்து, இன்ஷிராஹ் சமையலறைக்குப் போனாள். அங்கே வேலை ஒன்றுமில்லை. ஏற்கெனவே கழுவிய தம்ளரைக் கழுவினாள்.

எழுதிய கட்டுரை வீணாகப் போவானேன்? படமெடுத்துக் குழுவில் போட்டாள். ரோஜாக்கள் கொட்டின.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒருத்திக்கு அல்ல, அத்தனை அம்மாக்களுக்கும். பிள்ளைகளின் பெஞ்சுகளில், முழங்கால் மோவாயைத் தொட, அவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மிஸ் ஜைலான் மேசைமேல் நோட்டுகளை அடுக்கி வைத்திருந்தாள். முகத்தில் கோபமில்லை. அதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது.

"முதல்ல வாழ்த்துச் சொல்லிக்கிறேன்," என்றாள். "உங்க எல்லார் வீட்டுக்காரரும் குவைத்திலிருந்து நல்லபடியா வந்து சேர்ந்ததுக்கு."

ஒருத்தி களுக்கென்று சிரித்து, முந்தானையால் வாயை மூடுவதுபோலத் தலைத்துணியை இழுத்துக்கொண்டாள்.

"யாசீன் அம்மா, உங்க வீட்டுக்காரர்கிட்டதான் தினமும் காலைல நான் வடை வாங்கிச் சாப்பிடறேன். அவர் குவைத்துக்கு எப்பப் போனார், எப்ப வந்தார்?"

"வல்லாஹி, சத்தியமா மிஸ், நான் என்ன பண்ணுவேன்! குவைத்தை எடுத்துட்டுக் கடைன்னு போட்டுக்கடான்னுதான் சொன்னேன். அவன் கேட்டானா?"

"போட்டிருந்தா, கடையிலிருந்து சிவப்புப் பெட்டியோட விடியற்காலைல வந்திருப்பார்."

"பெட்டியை மாத்தச் சொல்ல மறந்துட்டேன்."

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். மிஸ் அடுத்த நோட்டை எடுத்தாள். விளையாட்டு வாத்தியாருடைய மகன் நோட்டு அது. அன்று காலைகூட மைதானத்தில் விசில் ஊதிய மனிதர் கட்டுரையில் குவைத்திலிருந்து வந்திருந்தார். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. மூன்றாவது நோட்டை எடுத்த மிஸ், பெயரைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்தாள். ஆதமுடைய நோட்டு. அவன் அப்பா போன குளிர்காலத்தில் இறந்துபோனார். வகுப்புக்கே தெரியும். சிரிப்பு தானாக அடங்கிற்று.

கடைசிப் பெஞ்சிலிருந்து ஆதம் அம்மா பேசினாள். "அதுல தப்புப் போட்டுடாதீங்க மிஸ். தினமும் எடுத்துப் படிக்கிறான்."

கொஞ்சம் பொறுத்து யாசீன் அம்மாவுக்குத்தான் வாய் திறந்தது, வாய் மூடியே இருந்தால் அவளுக்கு மூச்சு முட்டும். "இதெல்லாம் லுஜைன் அம்மா பண்ணின வேலை. நாங்களா கேட்டோம்? அவங்களா எழுதறாங்க, அவங்களாப் போடறாங்க. குடுத்தா வேண்டாம்னா சொல்ல முடியும்?"

"ஆமா, ஆமா," என்றன பெஞ்சுகள்.

போன வாரம் இன்ஷிராஹின் கைக்கு முத்தம் கொடுத்த வாய் அது. எதிரே கரும்பலகையில் ஏதோ ஒரு பிள்ளை எழுதிய தேதி தப்பாக இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிஸ் ஜைலான் சொன்னாள். "ஒரே ஒரு விஷயம். பிள்ளை எழுதறப்ப நீங்க அந்த ரூம்ல இருக்காதீங்க. மேசை குடுங்க, விளக்குக் குடுங்க, சத்தம் போடாம இருங்க. தினமும் ஒரே நேரத்துல உக்காருதான்னு பாருங்க, அது போதும். தப்பு வந்தா வரட்டும். அதைத் திருத்தத்தான் எனக்குச் சம்பளம்."

"அந்த ரூம்ல இல்லாம நாங்க எங்கதான் இருக்கிறது மிஸ்?" என்று எவளோ கேட்டாள். பெஞ்சுகள் குலுங்கிச் சிரித்தன. மிஸ்ஸும் சிரித்தாள். இன்ஷிராஹுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நல்ல கேள்வி என்று பட்டது.

எல்லாரும் கலைந்த பிறகு மேசையருகே போய் நின்றாள்.

"லுஜைன் எழுதினது?"

"அவ மட்டும்தான் வேற எழுதியிருக்கா. எழுத்துப்பிழை ஏராளம். இருபதுக்குப் பதினொண்ணு போட்டிருக்கேன்."

பதினொன்று. அந்த வீட்டில் அப்படியொரு எண் இதுவரை நுழைந்ததில்லை. "என்ன எழுதியிருக்கா மிஸ்?"

மிஸ் நோட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். "அவகிட்ட கேளுங்களேன்," என்றாள்.

கேட்டாள். லுஜைன் சோபாவில் கவிழ்ந்து படுத்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. மீனைப் பத்தி எழுதினேன்."

"மீனைப் பத்தி மட்டுமா?"

"வெங்காயத்தைப் பத்தியும்."

"வேற?"

"நீ பால்கனில நின்னியே, அதைப் பத்திக் கொஞ்சம். அம்மா, பசிக்குது."

புத்தகப்பை காலடியில் கிடந்தது. இத்தனை வருடங்களில் அந்த மாதிரிப் பைகளை அவள் திறந்ததற்குக் கணக்கே இல்லை. மூடியபடி எதற்கு ஒரு பை என்று நினைத்தவள் அவள். இப்போது அதைக் காலால் மெல்ல ஒதுக்கிவிட்டு அடுப்படிக்குப் போனாள். பால்கனியில் தான் எப்படி நின்றோம் என்று தனக்கே சரியாகத் தெரியவில்லையே என்று பாத்திரத்தில் முலூக்கியாக் கீரையைக் கிண்டிக்கொண்டே யோசித்தாள்.

மறுநாளிலிருந்து புதுச் சட்டம். சாப்பிட்டதும் லுஜைன் மேசைக்குப் போவாள். இன்ஷிராஹ் அந்த அறையில் இருக்க மாட்டாள். சட்டம் எழுதுவது எளிது. முதல் நாள் அவளுக்குக் கண்ணாடி அலமாரி அழுக்காகத் தெரிந்தது. துடைக்கப் போனாள். மறுநாளும் அழுக்காகத் தெரிந்தது. துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தவளிடம் லுஜைன் தலை நிமிராமலே கேட்டாள்.

"அந்தக் கண்ணாடில என் நோட்டுத் தெரியுதாம்மா?"

"எழுத்தெல்லாம் திரும்பித் தெரியுது. படிக்க வரல."

"அப்போ போயேன்."

போனாள். அந்த வீட்டில் மிச்சம் இருந்த இடம் பால்கனி. ஒரு நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்த நேரத்தில் தெரு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. இத்தனை வருட மதியங்களும் மேசையில் போய்விட்டன. பழைய சாமான் வாங்குகிறவன் கூவிக்கொண்டு போனான். எதிர்வீட்டுக்காரி ரொட்டிக்குக் கூடையைக் கயிற்றில் இறக்கினாள். அவளுக்குக் கையசைக்கலாமா என்று பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி பெயர் தெரியவில்லை. அவள் பிள்ளை வேறு வகுப்பு.

வெள்ளிக்கிழமை ஷுரூக் தந்தாவிலிருந்து அழைத்தபோது இதைச் சொன்னாள்.

"நல்லதுதானேம்மா," என்றாள் ஷுரூக். "இப்போ உனக்கு ஓய்வு. ஏதாவது உனக்குப் பிடிச்சதைப் பண்ணு."

"என்ன பிடிக்கும் எனக்கு?"

ஷுரூக் கொஞ்சம் யோசித்தாள். "பின்னம் பிடிக்கும் உனக்கு," என்றாள்.

குழுவும் ஓய்ந்திருந்தது. மிஸ்ஸின் பேச்சுக்குப் பிறகு நாங்கள் திருந்திவிட்டோம் என்று எல்லாரும் எல்லாருக்கும் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. காலையில் 'சுபஹானல்லாஹ்' என்று பூப்படம், மாலையில் சமையல் குறிப்பு, நடுவில் மயான அமைதி. ராணியை யாரும் இறக்கவில்லை. ராஜ்ஜியத்தைத்தான் காலி செய்துவிட்டார்கள்.

மாலையில் வஜீஹ் அழைத்தார்.

"என்ன ஹாத்திம் அம்மா, இன்னிக்கு என்ன எடுத்தோம்?"

"தெரியாது. லுஜைனைத்தான் கேக்கணும்."

"குடு அவளை."

"படிச்சிட்டிருக்கா. நடுவுல கூப்பிடக் கூடாதாம்."

"யாரு சொன்னது?"

"மிஸ்."

"ஓ."

குவைத்தில் குளிர்சாதன யந்திரம் உறுமுவது கேட்டது. அது எப்போதும் உறுமிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். இதுவரை காதில் விழுந்ததில்லை.

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. அங்க?"

"இங்கயும் ஒண்ணுமில்ல. வெயில்."

"இங்கயும் ஏற ஆரம்பிச்சிருச்சு."

மறுபடி யந்திரம். இன்ஷிராஹ் கம்பியில் காய்ந்த துணியின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள்.

"ஒரு விஷயம். கட்டுரைல நீங்க வந்தீங்க."

"எந்தக் கட்டுரை?"

"வசந்தத் திருநாள் கட்டுரை. நான் எழுதினது. விடியற்காலைல வந்து நிக்கிறீங்க, சிவப்புப் பெட்டியோட."

"என் பெட்டி கறுப்பாச்சே."

"தெரியும்."

"சிவப்புன்னு ஏன் எழுதின?"

"நல்லா இருக்கும்னு."

அவர் அதைப் பற்றி யோசிப்பது கேட்டது. கணக்குப் பார்க்கிறவர். "எத்தனை மார்க்கு குடுத்தாங்க அதுக்கு?"

"குடுக்கல."

"ஏன்?"

"பொய்யாம்."

சரி என்றார், உடம்பைப் பார்த்துக்கொள் என்றார், பணம் அனுப்பியது வந்ததா என்றார், வந்தது என்றாள். வழக்கமாக அழைப்பு முடியும்போது அடுப்பில் வைத்த பீன்ஸ் குழைந்துவிடும். அன்று தண்ணீர்கூடச் சுடவில்லை.

பிறகு ஒரு புதன்கிழமை மதியம் கைப்பேசி அதிர்ந்தது. குழுவில் அல்ல, தனியாக. யாசீன் அம்மா.

"ராசாத்தி, கோவமா இருக்கியா? அன்னிக்கு மிஸ் முன்னாடி என்னமோ வாய்ல வந்துடுச்சு. என் நாக்கைப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே, எங்க வீட்டுக்காரர் எண்ணெய்ச் சட்டியை விடச் சூடு. அதை விடு. பின்னக் கணக்கு, நாலாவது. யாருக்கும் சொல்ல மாட்டேன்."

அதை முடிப்பதற்குள் இன்னொன்று. விளையாட்டு வாத்தியார் மனைவி. "லுஜைன் அம்மா, நலமா? நாலாவது கணக்கு நமக்கு ஒத்து வரலையே." பின்னாலேயே மூன்றாவது, நான்காவது. ஒவ்வொருத்தியும் தனித்தனியாக, ஒவ்வொருத்தியும் யாருக்கும் சொல்ல மாட்டேன் என்ற சத்தியத்தோடு. திருந்திய குழு மொத்தமும் பின்வாசல் வழியாக வந்து வரிசையில் நின்றது.

வெட்கத்தை விட்டுச் சொன்னால், இன்ஷிராஹுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கணக்கைப் பார்த்தாள். ஒரு தட்டு பஸ்பூஸா இனிப்பு. பாதியை அண்டை வீட்டுக்கும், மூன்றில் ஒரு பங்கை அத்தை வீட்டுக்கும் கொடுத்தால், கொடுத்தது மொத்தம் எவ்வளவு? அவளுக்குக் காகிதம்கூட வேண்டியதில்லை. ஆறில் ஐந்து. உடனே அனுப்பியிருக்கலாம். கொஞ்சம் காக்க வைத்தால் என்ன என்று தோன்றிற்று. அதற்கு உரிமை உண்டு. எழுந்து தேநீர் போட்டாள். மகளுக்கும் ஒரு தம்ளர் ஊற்றி, மேசையில் வைத்துவிட்டு வருவதற்கு யாரும் தடை சொல்ல முடியாது.

வைத்தாள். இப்போது லுஜைன் கையை மதில்போல வளைப்பதில்லை. அம்மா போய்விடுவாள் என்று அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நாலாவது கணக்கு திறந்து கிடந்தது. மேல் எண்ணோடு மேல் எண்ணைக் கூட்டி, கீழ் எண்ணோடு கீழ் எண்ணைக் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதி, சுற்றி ஒரு கட்டமும் போட்டிருந்தாள். இரண்டு வீட்டுக்குக் கொடுத்து, ஒரு வீட்டுக்குக் கொடுத்ததைவிடக் குறைவாகக் கொடுத்திருந்தாள்.

இன்ஷிராஹின் விரல் தன்பாட்டில் அந்தக் கட்டத்தை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் தேநீர்த் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, அதை இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தது.

"சர்க்கரை போட்டியா?" என்றாள் லுஜைன்.

"போட்டிருக்கேன்."

"சரி, போ."

பால்கனிக்கு வந்து கைப்பேசியை எடுத்தாள். காத்திருந்தவர்கள் கேள்விக்குறிகளாக அனுப்பியிருந்தார்கள். ஆறில் ஐந்து என்று தட்டினாள். அனுப்புகிற இடத்தில் கட்டைவிரல் நின்றுவிட்டது. இதை அனுப்பினால் நாளைக் காலையில் வகுப்பு முழுவதும் சரி. லுஜைன் ஒருத்தி மட்டும் தப்பு. அத்தனை பேருக்கும் விடை கொடுத்த வீட்டுப் பெண், ஒற்றையாக, பலகைக்கு முன்னால் நிற்பாள்.

அதை அழித்தாள். ஐந்தில் இரண்டு என்று தட்டினாள். இது இன்னும் அழகான யோசனை. அத்தனை பேரும் தப்பாகப் போட்டால் லுஜைன் தனியாக நிற்க வேண்டாம். கும்பலோடு தப்பு செய்வதில் ஒரு சுகம் உண்டு. யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க முடியாது. ராணி கொடுத்த விடையை எவளும் சரிபார்க்கவும் மாட்டாள். கட்டைவிரல் இறங்கப் போகிற நேரத்தில்தான் மிஸ் ஜைலானின் முகம் தோன்றிற்று. அத்தனை நோட்டிலும் ஒரே தப்பு. அதே தப்பு லுஜைன் நோட்டிலும். அம்மா சொல்லி எழுதினாள் என்பாள். கட்டுரையும் அப்படித்தானோ என்பாள். மகள் யாரையும் கேட்காமல் சொந்தமாகச் சம்பாதித்த அந்த ஐந்தில் இரண்டு, கட்டமும் சேர்த்து, அம்மாவின் கணக்கில் போய்விடும்.

அதையும் அழித்தாள். கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அதிர்ந்துகொண்டே இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லச் சோம்பலாக இருந்தது. குழுவைத் திறந்து, காலையில் வந்த பூப்படத்துக்குக் கீழே எழுதினாள்: "நாலாவது கணக்கு எனக்குத் தெரியாது."

பிறகு வந்தது சரமாரி.

"எந்த நாலாவது? நாங்க யாரும் கேக்கலையே?"

"பொய் சொல்றா. மூணு பிள்ளையைப் படிக்க வச்சவளுக்குப் பின்னம் தெரியாதாம்!"

"கர்வம், வேற என்ன."

"விடுங்கடி, அவளுக்கு மனசு சரியில்லை போல." இது ஆதம் அம்மா. அதற்கு யாரும் பூ வைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஓய்ந்தது. அந்த ஓய்வு அவளுக்குத் தெரிந்த ஓய்வுதான், இனி யாரும் பின்வாசலுக்கும் வர மாட்டார்கள். கீழே எதிர்வீட்டுக் கூடை இறங்கி, ரொட்டியோடு ஏறிற்று. தேநீர் ஆறியிருந்தது. குடித்தாள்.

உள்ளே நாற்காலி கிரீச்சிட்டது. லுஜைன் முனகினாள். அப்புறம் ரப்பர் தேய்க்கிற சத்தம் கேட்டது, மேசையே ஆடுகிற மாதிரி அழுத்தமாக. எதை அழிக்கிறாள்? நாலாவது கணக்கையா, அல்லது சரியாகப் போட்டிருந்த வேறொன்றையா? தப்பை அழித்துச் சரியாக்குகிறாளா, சரியை அழித்துத் தப்பாக்குகிறாளா? எழுந்து நான்கு எட்டு வைத்தால் தெரிந்துவிடும். இன்ஷிராஹ் தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் நின்றது. திரும்பவும் தொடங்கிற்று.